வெள்ளைக் காரின் நடுத்தூண்

ஜனவரி 12

என் அருமை மருமகளுக்குத் தாய்மாமன் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. ஃபோன் செய்யாமல் எழுதினாய் பார், அதற்கே உன்னை மெச்ச வேண்டும். நாற்பது வருடம் தகட்டைச் சுத்தியால் அடித்த சத்தம் கேட்ட காது இது. ஃபோனில் யார் பேசினாலும் ஈ சுற்றுகிற மாதிரிதான் இருக்கிறது. உன் அத்தை இப்போதெல்லாம் என்னைத் திட்டுவதைக்கூட ஜாடையில்தான் திட்டுகிறாள். அதில் அவளுக்குத் திருப்தி இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக் கார் ஒன்று, நீலக் கார் ஒன்று, இரண்டும் சின்னக் கார், மோதினால் எது ஆளைக் காப்பாற்றும் என்று கேட்டிருக்கிறாய். வெள்ளைக்கு நான்கு நட்சத்திரம், நீலத்துக்கு இரண்டு நட்சத்திரம் என்று எங்கேயோ படித்து எழுதியும் அனுப்பியிருக்கிறாய். மருமகளே, நட்சத்திரம் பார்க்கிறவன் வேறு, தகடு பார்க்கிறவன் வேறு. பொம்மையை உட்காரவைத்துச் சுவரில் மோதிப் பார்க்கிறார்களாம். பொம்மைக்கு என்ன தெரியும்? என் பட்டறைக்கு வருவதெல்லாம் நிஜ மனிதர்கள் உட்கார்ந்து நிஜமாக மோதிய வண்டிகள். கதவை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், எந்த வருடம் எதில் மோதியது என்று சொல்லிவிடுவேன். ஒரு முறை பெரிய போலீஸ் அதிகாரி ஒருவரின் வண்டியைத் தட்டிப் பார்த்து, "ஐயா, இது மூணு வருஷம் முன்னாடி மரத்துல மோதினது, அதுவும் காய்க்கிற மரம்" என்றேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் மீதி விஷயத்தைப் பேசினார்.

இருந்தாலும் நீ படித்த பெண். நட்சத்திரம் வேண்டும் என்கிறாய். உன் அதிர்ஷ்டம், அதே வெள்ளைக் கார் ஒன்று இப்போது என் பட்டறையில் நிற்கிறது. ஒரு பல் டாக்டர் அம்மாவுடையது. வாரத்துக்கு ஒரு நாள் எடுப்பார், அதுவும் அடுத்த தெரு வரைக்கும். மகனோடு இருக்க வெளிநாடு போகிறார். வண்டி அப்படியே கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது. நான்கு நட்சத்திரம் என்கிறாயே, என் கை பட்டதால் ஐந்து என்று வைத்துக்கொள்.

என் தங்கச்சியிடம் சொல், அண்ணன் பார்த்துக் கொடுக்கிற வண்டி என்று. மாப்பிள்ளையை மாதக் கடைசியில் வந்து ஓட்டிப்போகச் சொல்.

உன் மாமா


ஜனவரி 22

மாமாவுக்கு,

கேலி செய்யுங்கள், பரவாயில்லை. உங்கள் பட்டறைக்கு வண்டி வருகிறது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் என் வார்டுக்கு வருகிறார்கள். விபத்துப் பிரிவில் பதினோரு வருட நர்ஸ் நான். அதனால்தான் பொம்மையை நம்புகிறேன்.

இரண்டு கார்களையும் நேராக மோதவிட்டதில் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கவாட்டில் மோதவிட்டபோதுதான் வித்தியாசம். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஒரு தூண் நிற்கிறதே, நீலக் காரில் அது பொம்மையின் விலா வரை உள்ளே வந்துவிட்டது. வெள்ளைக் காரில் நின்ற இடத்தில் நின்றது. அந்தத் தூணுக்கு மட்டும் தனி இரும்பு போடுகிறார்களாம். அந்த ஒன்றுக்காகத்தான் வெள்ளை வேண்டும் என்கிறேன்.

ஏனென்றால் அம்மா முன்சீட்டில்தான் உட்காருவாள். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்பது அவள் சொல்லும் காரணம். உங்கள் மாப்பிள்ளைக்கு வழி சொல்லாமல் அவளால் இருக்க முடியாது என்பது உண்மைக் காரணம். மஞ்சள் விளக்கைத் தூரத்தில் பார்த்தாலே நின்றுவிடுகிற மனிதரைப் போய், "மெதுவா மாப்பிள்ளை, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

ஒரே ஒரு கேள்வி. அந்த வண்டி எங்கேயாவது மோதியதா? 'என் கை பட்டதால்' என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்காகக் கை பட்டது?


ஜனவரி 30

மருமகளே,

நர்ஸ் வேலை பார்க்கிற நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்.

கை பட்டது என்றால் துடைத்தேன், மெருகு ஏற்றினேன் என்று அர்த்தம். டாக்டர் அம்மா வீட்டு கேட் கொஞ்சம் குறுகல். ஒரு பக்கம் நகம் கீறின மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் பெயிண்ட் அடித்தேன். பழைய பெயிண்ட் எது, புதிய பெயிண்ட் எது என்று பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடிக்கிறவனுக்கு என் பட்டறையையே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். போன வருடம் வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், என் வேலையைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்து, எங்கள் நாட்டுக்கு வந்துவிடுங்கள் என்றார். உன் அத்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மறுத்துவிட்டேன்.

கலங்காமல் ஏறி உட்காரச் சொல் என் தங்கச்சியை. நான் இருக்கிறேன்.

மாமா


ஆகஸ்ட் 21

மாமா,

அம்மா போய் நாற்பது நாள் ஆகிறது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தா கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அத்தனை பேர் பார்க்க இவரை அறைந்தீர்கள். "என் தங்கச்சிய முழுசா குடுத்தேனே, என்னடா பண்ணி வச்சிருக்க" என்றீர்கள். இவர் கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. அடுத்த அடிக்காகக் காத்திருந்த மாதிரி நின்றார். அன்றிலிருந்து 'சரி', 'வேண்டாம்' என்ற இரண்டு சொற்களில் எங்கள் வீடு நடக்கிறது. மற்றவர்களுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறவர், வேலைக்கும் போவதில்லை.

நடந்ததை நீங்கள் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. நல்ல மழை. குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. இவர் பிரேக் போட்டதும் வண்டி பக்கவாட்டில் வழுக்கிப்போய் விளக்குக் கம்பத்தில் மோதியது. அம்மா உட்கார்ந்திருந்த பக்கம். அன்று எனக்குக் காலை டூட்டி. ஸ்ட்ரெச்சரில் வந்தது யார் என்று செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தேன் என்கிறார் இவர். போலீஸ் தொண்ணூறு என்கிறது. காரணம் என்ன தெரியுமா? 'நான்கு நட்சத்திரம் பெற்ற வாகனம் குறைந்த வேகத்தில் இவ்வளவு சிதைய வாய்ப்பில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். எதை நம்பி அந்த வண்டியை வாங்கினேனோ, அதையே இவருக்கு எதிராகத் திருப்பியிருக்கிறார்கள். அதிவேகத்தால் உயிரிழப்பு என்று வழக்கு. அக்டோபர் பதினான்கு விசாரணை.

போன வாரம் வார்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. நீலக் கார். அதே மாதிரி மழை, அதே மாதிரி வழுக்கல், அதே மாதிரி ஒரு கம்பம். முன்சீட்டில் இருந்த பெண்ணுக்குக் காறை எலும்பு உடைந்திருந்தது, அவ்வளவுதான். கட்டுப் போட்டதும் எழுந்து உட்கார்ந்து என்னிடம் சீப்பு கேட்டார்.

நான்கு நட்சத்திரத்தில் உட்கார்ந்தவள் போய்விட்டாள். இரண்டு நட்சத்திரத்தில் உட்கார்ந்தவர் சீப்பு கேட்கிறார். ஏன் மாமா?


ஆகஸ்ட் 31

மருமகளுக்கு,

ஏன் என்று என்னைக் கேட்டால்? ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரைக் கேள்.

அவள் உனக்கு அம்மா. எனக்கு அவள் யார் என்று உனக்குத் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல், தினமும் தோளில் தூக்கிக்கொண்டு போவேன். மழையில் ஆற்றைக் கடந்திருக்கிறேன், அவள் பாதத்தில் ஒரு சொட்டு படாது. அப்படிக் கொண்டுபோனவளை இப்படிக் கொண்டுவந்தால் கை ஓங்கத்தான் செய்யும். இன்னும் இரண்டு போட்டிருக்க வேண்டும்.

நாற்பதாம். நாற்பது வருடமாக நசுங்கின வண்டி பார்க்கிறவனிடம் நாற்பது என்றால் நம்புவேனா? வண்டி தங்கமான வண்டி. அதை வைத்திருந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர் பூவைத் தாங்குகிற மாதிரி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார், முப்பதைத் தாண்ட மாட்டார். என் வேலையைப் பற்றிச் சந்தேகப்பட்டு இதுவரை ஒருவன் பட்டறை வாசலை மிதித்ததில்லை. கம்பெனிக்காரனே வந்து புது மாதிரி வண்டிகளுக்கு வகுப்பு நடத்தி, முதல் மாணவர் என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன், வந்து பார்.

எழுதி எழுதிக் கை வலிக்கிறது. இதோடு நிறுத்துகிறேன்.


செப்டம்பர் 10

மாமா,

பல் டாக்டர் அம்மாவா, தலைமையாசிரியரா?

உங்கள் ஜனவரிக் கடிதம் என் கையில் இருக்கிறது. ஆகஸ்ட் கடிதமும் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து நீங்கள் சொல்கிற கதைகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே கேட்போம். இப்போது சிரிக்க முடியவில்லை.

நேற்று போலீஸ் வளாகத்தில் வண்டியைப் போய்ப் பார்த்தேன். வாகன ஆய்வாளர் கூட வந்தார். நடுத்தூண் வளைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வளையவில்லை. பாதியில் குறுக்காக, கத்தரித்த மாதிரி பிரிந்திருக்கிறது. ஆய்வாளர் பெயிண்டைச் சுரண்டினார். அதற்கடியில் விரல் கனத்துக்குப் பட்டி, பள்ளம் தெரியாமல் பூசுகிற பசை. பட்டிக்கு அடியில் வெல்டிங் கோடு. கோட்டுக்கு மேலே உள்பக்கம் வெள்ளைப் பெயிண்ட். கோட்டுக்குக் கீழே நீலம்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "செஞ்சவன் கெட்டிக்காரன்மா. தோண்டாம யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். யார், எப்போது, எப்படிச் செய்தார்கள் என்று செய்தவரே வந்து சொன்னால்தான் வழக்கில் நிற்கும். இல்லாவிட்டால், வேகத்தில்தான் அந்த ஒட்டு பிரிந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னும் ஒன்று. இவர் வக்கீல் வேண்டாம் என்கிறார். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "குற்றத்த ஒத்துக்கறேங்க" என்று சொல்லிப் பார்க்கிறார். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஜெயிலுக்குப் போக அவசரப்படுகிற ஒருவரை எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அறைந்த அறையை அவர் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

எனக்குக் கதை வேண்டாம். அந்தத் தூணில் என்ன செய்தீர்கள்? ஒரு பக்கம் எழுதுங்கள், போதும்.


செப்டம்பர் 27

மருமகளுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் வண்டி வேறொரு பட்டறையிலிருந்து வந்தது. ஒன்றில் எனக்குக் காய்ச்சல். எழுதும்போது எனக்கே அவை நடந்த மாதிரிதான் இருந்தன. உன் அத்தை ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "பொய் இல்லாம ஒரு பக்கம் எழுதத் தெரியுமா உங்களுக்கு?" என்று காதுக்குள் கத்திக் கேட்டாள். இது ஐந்தாவது.

டாக்டர் அம்மாவும் இல்லை, தலைமையாசிரியரும் இல்லை. அடிபட்ட வண்டிகளை வாங்கி விற்கிற ஒருவன் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். யாருடைய வண்டி, உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் உனக்கு முதல் கடிதம் எழுதியபோது அந்த வண்டிக்கு ஒரு பக்கமே கிடையாது.

புதுத் தூண் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். மாதக் கடைசியில் மாப்பிள்ளையை வரச் சொல்லி எழுதியாகிவிட்டது. உனக்குக் கல்யாணமாகி எட்டு வருடத்தில் நீ என்னிடம் கேட்ட ஒரே உதவி. நான்தான் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. தூணின் மேல்பாதியைக் கேஸில் சிவக்கக் காய்ச்சி, சங்கிலி போட்டு இழுத்து நிமிர்த்தினேன். கீழ்ப்பாதி தேறவில்லை. பட்டறைக்குப் பின்னால், நீ எழுதினாயே அதே நீலக் கார் ஒன்று உடைசலாகக் கிடந்தது. அதன் தூணை அறுத்து இதில் ஒட்டினேன். அகலம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. மீதியைப் பட்டி வைத்து இழைத்தேன். மூன்று நாள் வேலை. முடித்துவிட்டு நானே தடவிப் பார்த்தேன், ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

பழைய வண்டிகளுக்கு அப்படித்தான் செய்வோம். புது வண்டிகளின் இரும்பு வேறு என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. கம்பெனிக்காரன் வகுப்பு எடுத்தான் என்று எழுதினேனே, அன்று முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து மாலை வரை அவன் பேசியதில் ஒரு சொல் எனக்குக் கேட்கவில்லை. முப்பது பேரில் நான்தான் மூத்தவன். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஆட்டினேன். நன்றாகத் தலையாட்டினதால் முன்னால் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தான். கூடவே ஒரு புத்தகமும் கொடுத்தான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், உன் கடிதத்துக்கே ஒரு பொழுது ஆகும், அதைத் திறக்கவே இல்லை. உன் கடிதம் வந்த பிறகு உன் அத்தையைப் படிக்கச் சொன்னேன். ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. இந்தத் தூணை நெருப்பில் காட்டக் கூடாது, காட்டினால் பலம் போய்விடும். பாதியில் வெட்டி ஒட்டக் கூடாது. அவள் அதை இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்த நீலத் தூண் நீலக் காரிலேயே முழுசாக நின்றிருந்தால், அதில் என் தங்கச்சி உட்கார்ந்திருந்தால், அவளுக்கும் காறை எலும்புதான் உடைந்திருக்கும்.

தோளில் தூக்கிப் போனது மூன்று மைல் இல்லை. முக்கால் மைல் இருக்கும். ஆறு எதுவும் கிடையாது. தூக்கிப் போனது மட்டும் நிஜம்.

பதினான்காம் தேதி நான் வருகிறேன். மாப்பிள்ளையை அதற்கு முன்னால் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று சொல். அவரை அறைந்ததும் அதே கைதான் என்று சொல்.


அக்டோபர் 20

மாமா,

கோர்ட்டில் நீங்கள் என்னிடம் பேச வந்தபோது நான் நகர்ந்து போனேன். வேண்டுமென்றேதான் போனேன்.

உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்ததும் ஒவ்வொரு கேள்வியையும் தாளில் எழுதி நீட்டினார்கள். நீங்கள் விரல் வைத்துப் படித்து முடிக்கும் வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஒரு கேள்விக்குக்கூட ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை நீங்கள். இவர் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேகத்தைப் பற்றிய குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். இவர் விடுதலை ஆகிவிட்டார் என்று காகிதம் சொல்கிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது மூன்று மாதத்தில் முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "மழையில நாப்பதே ஜாஸ்திதான்." அவ்வளவுதான் கிடைத்தது. கிடைத்ததை வைத்துக்கொள்கிறேன்.

உங்களை மன்னிப்பதா வேண்டாமா என்று யோசிக்க எனக்கு இப்போது தெம்பில்லை. ஆனால் ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. இதே மாதிரி வேறு வண்டிகளில் செய்தீர்களா என்ற தாளுக்கு, "ஆறு" என்றீர்கள். எழுதிக்கொண்டார்கள். அடுத்த தாளை நீட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த ஆறைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வார்டில் ஒவ்வொரு முறை ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதும், இது அதில் ஒன்றோ என்று பார்க்கிறேன்.

ஆறு வண்டிகளையும் கண்டுபிடியுங்கள். அதுவரை வேறு எதைப் பற்றியும் எனக்கு எழுத வேண்டாம்.


நவம்பர் 9

மருமகளுக்கு,

பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். ஜாமீனில் இருக்கிறேன். ஊரைவிட்டுப் போகக் கூடாது, ஊருக்குள் நடக்கலாம். நடந்தேன்.

ஆறில் இரண்டு ஏற்கெனவே உடைசலுக்குப் போய்விட்டன. ஒன்று விற்று விற்று நான்கு கை மாறியிருக்கிறது, ஐந்தாவது ஆள் யார் என்று தெரியவில்லை. அதன் நம்பரை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்தேன். மேலிடத்திலிருந்து உத்தரவு வர வேண்டும் என்றார்.

நான்காவது ஒரு துணிக்கடைக்காரருடையது. கடையில் ஆட்கள் நிற்கும்போதே கெட்ட வார்த்தையில் திட்டினார். காது கேட்காததில் ஒரு லாபம். திட்டி முடித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். பெயிண்டைச் சுரண்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு அவர் மகளைத்தான் முதலில் கூப்பிட்டார், இனி இதில் ஏறாதே என்று. ஐந்தாவது வண்டிக்காரர் ஒரு வாடகைக் கார் டிரைவர். அன்றே வண்டியை நிறுத்திவிட்டார்.

ஆறாவது ஒரு பாட்டு வாத்தியாருடையது. அவர் மனைவிக்கு இது எட்டாம் மாதம். முன்சீட்டில்தான் உட்காருகிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் வாத்தியார் வெளியே வந்து தூணைத் தடவித் தடவிப் பார்த்தார். கட்டை விரலை மேலிருந்து கீழே இழுத்தார். பிறகு சிரித்துவிட்டு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'பெரியவரே, இங்க ஒண்ணுமே இல்லையே.' இதோ இந்த இடம் என்று தொட்டுக் காட்டினேன். மறுபடியும் தடவினார். நானும் தடவினேன். என் விரலுக்கே தட்டுப்படவில்லை. கிரைண்டர் வைத்துத் திறந்து காட்டுகிறேன் என்றேன். கோபம் வந்துவிட்டது. நன்றாக ஓடுகிற வண்டியை அறுக்க வந்திருக்கிறாயா என்கிற மாதிரி கையை ஆட்டினார். அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வயதானவர், போகட்டும் என்று கணவரிடம் சொல்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. நான்கு நாளாகப் போகிறேன். நேற்று கேட்டைத் திறக்கவில்லை. இனி வந்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று எழுதிக் கம்பிக்கு வெளியே நீட்டினார்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒன்பது மணிக்கு அவளைப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போகிறார். நாளை வியாழக்கிழமை. இங்கே இரண்டு நாளாக மழை.

எட்டு மணிக்கே போய், கேட்டுக்கு வெளியே வண்டி இறங்கும் சரிவில் உட்கார்ந்துகொள்ளப் போகிறேன். உன் அத்தையும் வருகிறேன் என்கிறாள். போலீஸைக் கூப்பிடட்டும். வருகிறவர்கள் அந்தத் தூணைத் திறக்கும் வரை நான் எழுந்திருக்க மாட்டேன்.